முகம் கேட்டவளுக்கு ஆவாரம்பூ

சேசு மரி சூசை துணை

பாலக்கோடு,
21-1-1968

அன்புள்ள சகாயத்துக்கு அல்போன்ஸ் எழுதிக்கொண்டது. நான் இருக்கிறேன். நீயும் உன் அம்மாவும் சுகமாயிருக்க வேண்டிக்கொள்கிறேன்.

முந்தாநாள் உன் தம்பி ஸ்தனிஸ்லாஸ் ஸ்டூடியோவுக்கு வந்தான். நம் பிள்ளை லூர்துவைச் சவப்பெட்டியில் வைத்திருந்தபோது நான் எடுத்த படத்தைக் கையோடு வாங்கிவரச் சொல்லி நீ அனுப்பியதாகச் சொன்னான். பிலிமை இன்னும் கழுவவில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். மூன்று மாதமாயிற்றே என்று நீ கேட்பாய். இருட்டறைக்குள் போனால் எனக்குக் கை ஓடவில்லை.

ஆட்களை இப்போது நான் படம் எடுப்பதில்லை. யார் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாலும் பிள்ளைதான் தெரிகிறாள். சாமி படங்களுக்குச் சட்டம் போட்டுக் கொடுத்துக் காலம் தள்ளுகிறேன்.

இத்துடன் ஒரு படம் வைத்திருக்கிறேன். கல்லறை வேலியோரத்து ஆவாரம்பூ. கடிகாரம் பழுது பார்ப்பவரிடம் வாங்கிய பூதக்கண்ணாடியை லென்ஸுக்கு முன்னால் பிடித்து எடுத்தேன். சகாயம், அந்த இதழை உற்றுப் பார். நம் உள்ளங்கையைப் போல் அதிலும் ரேகை ஓடுகிறது. இத்தனை வருஷம் அந்த வழியாகத்தான் போய் வந்தேன், எனக்குத் தெரியவில்லை.

இப்படிக்கு,
அல்போன்ஸ்

* * *

கம்பைநல்லூர்,
2-2-1968

மாமாவுக்கு சகாயமேரி எழுதிக்கொண்டது.

கவரைப் பார்த்ததும் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தேன். பிள்ளை முகம் என்று நினைத்துப் பிரித்தேன். ஆவாரம்பூ! எங்கள் வரப்பில் கொட்டிக் கிடக்கிறது, ஆடுகூட வாய் வைப்பதில்லை.

"சின்னப் புள்ளயப் போட்டோ புடிச்சா ஆயுசு கொறையும், எடுக்காதீங்க" என்று நாலு வருஷம் உங்களைத் தடுத்தவள் நான்தான். ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் எடுத்த நீங்கள் உங்கள் பிள்ளையை ஒருநாளும் எடுக்கவில்லை. நான் சொன்னதைக் கேட்டீர்கள். அதனால்தான் அந்த ஒரே படத்துக்கு இப்படிப் பறக்கிறேன். இப்போதெல்லாம் அவள் முகம் எனக்கு முழுசாக வர மாட்டேன் என்கிறது. ஜடை வருகிறது, குரல் வருகிறது, முகம் கலைந்துபோகிறது. பயமாக இருக்கிறது.

பாஸ்குத் திருநாளுக்குள் படம் வந்தால் நானும் வருவேன். வராவிட்டால் நான் இங்கேயே இருந்துகொள்கிறேன். பூ வேண்டாம்.

சகாயமேரி

* * *

சேசு மரி சூசை துணை

பாலக்கோடு,
17-3-1968

சகாயம்,

நேற்று மாரண்டஅள்ளி ரோட்டில் நடந்து போனேன். புரசு மரங்கள் ஒரு இலை இல்லாமல் உதிர்த்துவிட்டு உச்சி முதல் அடி வரை பூத்து நிற்கின்றன. காய்ந்த காடு, கரட்டில் கல்லும் முள்ளும், நடுவில் இத்தனை சிவப்பு. வந்த பஸ்ஸையும் விட்டுவிட்டு வெயிலில் நின்றேன். எடுக்கக்கூடத் தோன்றவில்லை. தலை தானாகக் குனிந்துவிட்டது. அவ்வளவு பெரிய காரியத்துக்கு முன்னால் நின்றுவிட்டு வந்து உன்னிடம் மறுபடியும் பொய் எழுத எனக்குக் கை வரவில்லை.

படம் இல்லை, சகாயம்.

அன்று பிள்ளைக்கு வெள்ளைக் கவுன் போட்டு, பூமுடி வைத்து, வானத்துச் சம்மனசு மாதிரி பெட்டியில் கிடத்தி வாசலில் வைத்திருந்தார்கள். நான் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்தேன். ஊரில் எந்தச் சாவுக்கும் முன்னால் போய் நிற்பவன் நான்தானே. "பெத்தவனே புடிக்கறான் பாருங்க" என்று எல்லோரும் அழுதார்கள். நானும் பிடித்தேன். மூன்றாம் நாள் இருட்டறையில் கேமராவின் பின்கதவைத் திறந்தேன். உள்ளே ஒன்றுமில்லை. போட வேண்டிய பிலிம் சுருள் ஸ்டூடியோ மேசை மேல் காகிதம் பிரிக்காமல் அப்படியே இருந்தது. பதினொரு வருஷத் தொழிலில் ஒருநாளும் இப்படி ஆனதில்லை.

அந்தச் சுருளை வேறு யார் முகத்துக்கும் போட எனக்கு மனமில்லை. கேமராவில் மாட்டிக்கொண்டு கல்லறைக்குப் போனேன். நிமிர்ந்து பார்க்கத் தைரியமில்லாமல் குனிந்தேன். குனிந்த இடத்தில் ஆவாரம்பூ இருந்தது. அவ்வளவுதான் நடந்தது.

உன்னிடம் மறைத்தது பாவம். மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

அல்போன்ஸ்

* * *

பாலக்கோடு,
9-7-1968

அன்புள்ள சகாயத்துக்கு,

பாஸ்கும் போய்விட்டது. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நியாயம்தான்.

இத்துடன் இருப்பது என்ன பூ என்று சொல், பார்ப்போம். சொல்ல மாட்டாய். எனக்கும் முன்பு தெரியாதுதான். புளியம்பூ! தினம் ரசம் வைக்கிறோம், குழம்பு வைக்கிறோம், இந்தப் பூவை நிமிர்ந்து பார்த்தவர்கள் யார்? சுண்டுவிரல் நகமளவுதான் இருக்கிறது. கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு இதழிலும் கோடு கோடாக யாரோ உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். ஒரு மரத்தில் லட்சம் பூ இருக்கும். ஒன்றில்கூட கை அசந்து விடவில்லை. யாரும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தும் இவ்வளவு சிரத்தையா? கிளைக்கு ஏணி போட்டு நின்றுகொண்டே அழுதேன். அது துக்கத்தில் அழுததல்ல. பிள்ளை போனபின் அன்றுதான் எனக்கு மூச்சு முழுசாக வந்தது.

நாலே வருஷம் இருந்தவளையும் ஒரு குறையில்லாமல்தானே ஆண்டவர் செய்து அனுப்பினார் என்று அப்போது தோன்றியது. இது உனக்கு ஆறுதலாக இருக்குமோ, கோபமாக இருக்குமோ, எனக்குத் தெரியவில்லை.

அல்போன்ஸ்

* * *

பாலக்கோடு,
20-10-1968

அன்புள்ள சகாயத்துக்கு,

போன திங்களன்று லூர்துவின் வருஷப் பூசை. நான் மட்டும்தான் இருந்தேன். கோவிலில் உன் இடத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

மழை நன்றாகப் பெய்திருக்கிறது. தும்பை எங்கே பார்த்தாலும் முளைத்துக் கிடக்கிறது. அதன் மட்டத்துக்கு இறங்காமல் அதை எடுக்க முடியாது. ஈர வயலில் குப்புறப் படுத்துக்கொண்டேன். காற்று நிற்க வேண்டும், வெயில் சாய வேண்டும், எறும்பு நகர வேண்டும். மூன்று மணி நேரம் ஆயிற்று. வயல்காரர் பச்சியப்பன் பதறி ஓடி வந்தார். "என்னங்க போட்டோக்காரரே, மயக்கமாயி வுழுந்துட்டீங்களா?" பூவைக் காட்டினேன். "அடக் கருமமே, இதுக்கா?" என்றவர், கண்ணாடி வழியாக ஒரு தரம் பார்த்தார். பிறகு துண்டை விரித்து அவரும் படுத்துக்கொண்டார். "எங்க வூட்ல இருக்கறவளையும் கூட்டியாரட்டுங்களா?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் உன் ஞாபகம் வந்தது. என்னால் உனக்குத் தர முடிந்தது இவ்வளவுதான் சகாயம். இனி பூ அனுப்ப வேண்டாம் என்றால் ஒரு வரி எழுது, நிறுத்திவிடுகிறேன். வீட்டுக்கு வா என்று கேட்க எனக்கு வாயில்லை. ஆனாலும் கேட்கிறேன். வா.

அல்போன்ஸ்

* * *

சேசு மரி சூசை துணை

கம்பைநல்லூர்,
29-11-1968

என் அன்புள்ள மாமாவுக்கு சகாயம் எழுதிக்கொண்டது. அம்மா சுகம். நானும் பரவாயில்லை.

படம் இல்லை என்று நீங்கள் எழுதிய கடிதத்தை அன்றைக்கே அடுப்பில் போடப் போனேன். அம்மாதான் பிடுங்கிக்கொண்டது. பிலிம் போட மறந்ததை நான் அன்றே மன்னித்துவிட்டேன். பிள்ளை போன அன்றைக்கு நானும் செருப்பில்லாமல், சேலைத் தலைப்பு எங்கே போகிறது என்று தெரியாமல் கிடந்தவள். ஆனால் ஐந்து மாதம் என்னைக் காத்திருக்க வைத்தீர்களே, அதுதான் ஆறவில்லை. அதனால் எழுதவில்லை.

புளியம்பூப் படம் வந்ததும் அலட்சியமாக மாடத்தில் போட்டேன். ஒரு நாள் தண்ணீர் தூக்கிவரும்போது தலையில் ஒரு புளியம்பூ விழுந்தது. குடத்தை இறக்கிவிட்டு, படத்தை எடுத்துவந்து ஒத்துப் பார்த்தேன். நீங்கள் அனுப்புவதெல்லாம் கறுப்பும் வெள்ளையும்தானே. அந்தக் கோடுகள் என்ன நிறம் தெரியுமா? இதழ் இளமஞ்சள், கோடு ரத்தச் சிவப்பு. படத்தின் பின்னால் பென்சிலால் எழுதி வைத்தேன். அம்மா வந்து, "புளி உலுக்கற காலமா இது, அண்ணாந்துகிட்டு நிக்கற?" என்றது. அன்று முழுக்க வேலை ஓடவில்லை. இப்போது கொள்ளு பூத்திருக்கிறது. தினமும் காலையில் வயலில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். அத்தனை சின்னப் பூவுக்குள் ஒரு வீடே இருக்கிறது மாமா. எவ்வளவு நேரம் பார்த்தாலும் தீரவில்லை.

எழுத வந்ததை எழுதுகிறேன். போன ஞாயிறு பூசை முடிந்து மிக்கேலம்மாள் பெரியம்மா என் தாடையைப் பிடித்துத் தூக்கியது. "அடி ஆத்தா, லூர்து மொகத்த அப்படியே வெச்சிருக்கறயே!" என்றது. அவள் போனதிலிருந்து நான் கண்ணாடி பார்த்ததில்லை. வந்ததும் தம்பி சவரம் பண்ணும் கண்ணாடியை எடுத்து வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு பார்த்தேன். நீங்கள் பூவைப் பார்ப்பீர்களே, அப்படிப் பொறுமையாக. முதலில் நான்தான் தெரிந்தேன். பிறகு அந்த மேடேறிய நெற்றி. சிரிக்கப் போகும்போது ஒரு பக்கம் மட்டும் ஒதுங்கும் உதடு. மாமா, அவள் இருந்தாள். ஒரு வருஷமாக என்னை விட்டு எங்கேயும் போகவில்லை.

எனக்குப் படம் என்றாலே நடுக்கம் என்று உங்களுக்குத் தெரியும். நம் கல்யாணப் படத்தில்கூட என் வகிடுதான் இருக்கிறது. வருகிற வியாழக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். முகம் கழுவிக்கொண்டு நேராக ஸ்டூடியோ நாற்காலியில் வந்து உட்காருவேன். தலை குனிய மாட்டேன். கண் கலங்கினால் கலங்கட்டும், அது அடங்கும் வரை காத்திருங்கள். நம் பிள்ளை முகம் எப்போது என் முகத்தில் வருகிறது என்று உங்களுக்குத் தெரியும். அப்போது எடுங்கள்.

உங்கள்,
சகாயம்