சனிக்கிழமையின் மூன்று எழுத்துகள்

பென்ஷன் ஆபீஸில் காகிதங்கள் கேட்டார்கள் என்று உங்கள் தகரப் பெட்டியைத் திறந்தேன். பூஞ்சை நாற்றம் முகத்தில் அடித்தது. இந்தத் தீவில் எதை மூடி வைத்தாலும் அந்த நாற்றம்தான். அடியில் நூல் சுற்றிய ஒரு கட்டு இருந்தது. பிரித்தால், மாயாபந்தரில் நாம் இருந்த ஏழு வருஷத்து ஆங்கில வார்த்தைப் பட்டியல்கள். எல்லாம் உங்கள் கையெழுத்து. நான் எழுதித் தந்த தாள் ஒன்றுகூட இல்லை. இருக்காதுதான். நகல் எடுத்துக்கொண்டதும் அவற்றை என் அடுப்பிலேயே போட்டுவிடுவீர்கள்.

நீங்கள் போய் இரண்டு மாதம் ஆகிறது. செத்தவர்களைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். உயிரோடு இருந்தபோது சொல்லியிருந்தால் மட்டும் கேட்டிருப்பீர்களா?

கல்யாணமாகி நான் கப்பலேறி வந்தபோது என் பெட்டியில் நாலு சேலையும் ஓர் ஆங்கில அகராதியும் இருந்தன. பாளையங்கோட்டையில் எஸ்.எஸ்.எல்.சி. தேறியதற்கு அப்பா வாங்கித் தந்த அகராதி அது. நீங்களும் அதே படிப்புதான், ஆனால் இங்கிலீஷ் உங்களுக்கு எட்டிக்காய். உங்கள் ஆபீஸிலோ வங்காளி, தெலுங்கர், மலையாளி என்று எல்லாரும் இருந்தார்கள். பேச்சுக்கு இந்தி, பெருமைக்கு இங்கிலீஷ். கப்பல் வராத வாரங்களில் பொழுதைத் தள்ள உங்கள் சூப்பரிண்டண்ட் ஒரு போட்டி வைத்தார். சனிக்கிழமை மத்தியானம் கரும்பலகையில் மூன்று ஆங்கில எழுத்துகளை எழுதிப் போடுவார். அந்த மூன்றும் உள்ள வார்த்தைகளைத் தேடித் திங்கட்கிழமை கொண்டுவர வேண்டும். அர்த்தமும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வார்த்தை செல்லாது. ஜெயித்தவர் பெயர் அந்த வாரம் முழுக்கப் பலகையில் இருக்கும்.

முதல் வாரம் வந்தவை கே, என், டி. அகராதியைப் புரட்டிச் சலித்து, அடுக்களையில் மணையைப் போட்டு உட்கார்ந்தீர்கள்.

"ஏட்டி, நீ பாரேன். எனக்கு ஒண்ணும் ஓட மாட்டேங்கு."

குழம்பைக் கிண்டிக்கொண்டே 'கிச்சன்' என்றேன். அப்புறம் 'பிளாங்கெட்' என்றால் கம்பளி, 'கிட்டன்' என்றால் பூனைக்குட்டி, 'நாட்' என்றால் முடிச்சு. 'டிரங்க்' என்ற ஒன்றுக்கே மூன்று அர்த்தம் சொன்னேன்: பெட்டி, அடிமரம், யானையின் துதிக்கை. காட்டு மரம் இழுக்க யானைகள் வரும் மாயாபந்தரில் மூன்றையும் வாசலிலிருந்தே காட்டலாம். ஞாயிறு சாயங்காலம் உங்களை ஒப்பிக்க வைத்தேன். தப்பினால் கரண்டியால் அடிப்பேன் என்றேன், சிரித்தீர்கள். வாரத்தில் நீங்கள் என்னோடு உட்கார்ந்து பேசிய நேரம் அது ஒன்றுதான். அதனால் உங்கள் பெயர் பலகையில் ஏறியபோது நானும் சந்தோஷப்பட்டேன். பொய் சொல்ல மாட்டேன்.

மூன்றாம் வருஷ மழைக்காலத்தில் பள்ளிக்கூடத்து டீச்சர் மெயின்லேண்டுக்குப் போய்விட்டார். குடியேறியவர்களின் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லித்தர ஆள் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சூப்பரிண்டண்ட் ஹெட்மாஸ்டரைக் கூட்டிக்கொண்டு நம் குவார்ட்டர்ஸுக்கே வந்தார். இவ்வளவு இங்கிலீஷ் தெரிந்தவர் வீட்டில் மனைவிக்கும் கொஞ்சம் வருமே, அனுப்பி வைக்கலாமே என்று கேட்டார். டீ கிளாஸோடு கதவோரம் நின்றிருந்தேன். முதல் நாள் எந்தச் சேலை கட்டுவது என்பது வரைக்கும் யோசித்துவிட்டேன்.

"நஹி சாப்," என்றீர்கள். "இஸ்கோ ஏபிசிடி பீ நஹி ஆத்தா."

எனக்கு ஏபிசிடிகூடத் தெரியாதாம். ஹெட்மாஸ்டர் நம்பவில்லையோ என்னவோ, என் பக்கம் திரும்பினார். "பஹன்ஜி, ஆப் படீ ஹை?" படித்தவளா என்று என்னையே கேட்டுவிட்டார். உங்கள் முகத்தைப் பார்த்தேன். வேர்த்திருந்தது. எனக்கு இங்கிலீஷ் வரும் என்று தெரிந்தால் பலகையில் உங்கள் பெயரை ஏற்றியவை யாருடைய வார்த்தைகள் என்பதும் ஊருக்குத் தெரிந்துவிடும். "நஹி" என்றேன். இன்றுவரை உங்கள் மேல் இருப்பதைவிட அப்படிச் சொன்ன என் வாயின் மேல்தான் எனக்கு ஆத்திரம்.

அவர்கள் போனதும் சமாதானம் சொல்ல வந்தீர்கள். "மழையில, அட்டைக்கடியில நடந்து போயி யாருக்குப் பாடம் நடத்தப் போற? ஒன் நல்லதுக்குத்தான சொல்லுதேன்." என் நல்லதுக்கா? கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. அடுத்த சனிக்கிழமையே புதிதாக மூன்று எழுத்துகளைக் கொண்டுவந்து நீட்டினீர்கள். வெட்கம் கெட்டு நானும் வாங்கிக்கொண்டேன். இன்னும் நாலு வருஷம் தேடித் தந்தேன். தேடுவதை என்னால் விட முடியவில்லை. எனக்கென்று வேறு என்ன இருந்தது?

பிறகு மாற்றலாகித் தெற்குத் தீவில் இந்த டாலிகஞ்ச் வீடு. நீங்கள் ரிட்டையர் ஆகும் சமயம் ஒருநாள் நான் மீன் அரிந்துகொண்டிருந்தபோது ஒரு ஃபாரத்தை நீட்டினீர்கள். "கையில மீனு கெடக்கு, பேனா எடுக்காண்டாம். பெருவிரல மட்டும் வையி, போதும்." துடைத்துவிட்டு வைத்தேன். வாங்கிப் படித்துப் பார்க்கவில்லை. புருஷனிடம் என்ன சந்தேகம் என்று இருந்துவிட்டேன்.

நேற்றுப் பென்ஷன் ஆபீஸில் குமாஸ்தா மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினார். "அம்மாஜி, அங்கூட்டா வைங்க."

கைநாட்டு வேண்டாம், எனக்குக் கையெழுத்துப் போட வரும் என்றேன். பேனாவை வாங்கி இங்கிலீஷிலேயே போட்டுக் காட்டினேன். அவர் ஃபைலைத் திருப்பி என் முன்னால் வைத்தார். என் கைநாட்டு. பக்கத்தில் உங்கள் உருண்டை எழுத்தில் இங்கிலீஷில் ஒரு வரி. அதை உரக்கப் படித்து, அவருக்குத் தமிழில் அர்த்தமும் சொன்னேன்: மனைவிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கீழே, உண்மைதான் என்று பழைய சூப்பரிண்டண்டின் கையொப்பம். அவரிடம் ஒருமுறை சொன்ன பொய்யைக் கடைசிவரை காப்பாற்றியிருக்கிறீர்கள்.

குமாஸ்தா ஃபைலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "நீங்கதான் படிக்கிறீங்களேம்மா. ஆனா ரெக்கார்டுல அங்கூட்டாதான இருக்கு. சைன் போட்டா மேட்ச் ஆகாது, ஃபைல் திரும்பிரும். மாத்தி வர ஒரு வருஷம்கூட ஆகலாம்."

ஒரு வருஷம் எதைத் தின்பது? விரலை மையில் தோய்த்து வைத்தேன்.

நான் உயிரோடு இருக்கிறேன் என்று ஆண்டுக்கொரு முறை அங்கே போய் நிரூபிக்க வேண்டுமாம். அதற்கும் கைநாட்டுத்தான். உங்கள் புண்ணியத்தில், இனி எழுதப் படிக்கத் தெரியாதவளாக இருந்தால்தான் நான் உயிரோடு இருப்பதாகக் கணக்கு.