தண்ணீரில் கழுவிய புகை

ஆபான் மாதம் 2, புஷெஹ்ர்
மீன் செதில் எடுக்கும்போது மறுபடி வந்தது. நெஞ்சின் மேல் யாரோ முழங்காலை ஊன்றிய மாதிரி. இருபது நிமிஷம். கெராமத் எட்டிப் பார்த்தார். "ரத்தக் குழாயெல்லாம் சுத்தம்னு ஆஞ்சியோவுல சொல்லிட்டாங்கல்ல ஸனோபர்? மனசைப் போட்டுக் குழப்பிக்காதே." படகுக்குப் போய்விட்டார். கட்டின புருஷனே நம்பவில்லை என்றால் யாரிடம் போய்ச் சொல்ல?

ஆபான் 3
பக்கத்து வீட்டு தௌலத் அண்ணி, கெராமத்தின் அக்கா, வழக்கம்போல் சாயங்காலம், தண்ணீர் வழியாகப் புகை இழுக்கும் ஹுக்காவோடு வந்தாள். "வேலைக்கள்ளி, நெஞ்சுவலின்னு நல்லாத்தான் நடிக்கிறே" என்றபடி என் பக்கம் நீட்டினாள். வாங்கி இழுத்தேன். கல்யாணமானதிலிருந்து எட்டு வருஷம் முகம் கொடுத்துப் பேசாதவள், இதை நீட்டித்தானே சமாதானமானாள்! இந்த ஒரு மணி நேரம்தான் எனக்கு மனுஷப் பேச்சு.

ஆபான் 5
வலி. எழுத முடியவில்லை.

ஆபான் 11, ஷிராஸ்
புது டாக்டரம்மா மருந்து செலுத்தி ரத்த ஓட்டத்தை அளந்தாள். "பெரிய குழாய்ங்க நல்லா இருக்கு. தசைக்குள்ள ஓடுற முடி மாதிரி சின்னக் குழாய்ங்க, விரியவேண்டிய நேரத்துல விரியல. உங்க வலி நிஜம்மா."

அழுதுவிட்டேன். கெராமத் தரையைப் பார்த்தார்.

காரணம் தேடினாள். சர்க்கரை? ரத்த அழுத்தம்? கொழுப்பு? எதுவும் இல்லை. சிகரெட்?

"எங்க வீட்டுப் பொம்பளைங்க அதைத் தொடவே மாட்டாங்க" என்றார் கெராமத். பொய்யில்லையே.

டாக்டர் என் விரல் தழும்பைப் பார்த்தாள். "இது?"

"ஹுக்காக் கங்கு பட்டது."

"தினமுமா?"

"சாயங்காலம் மட்டும். பதினாறு வருஷமா. அது தண்ணியில கழுவித்தானே வருது?"

"கழுவுறதுக்கு அது என்ன துணியா?" பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

ஆபான் 14, புஷெஹ்ர்
டாக்டர் ஹுக்காவை விடச் சொன்னதை அண்ணியிடம் சொன்னேன். "என் கை ஹுக்கா உனக்குக் கசக்குதா?" எழுந்து போய்விட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் கொப்பளிக்கும் சத்தம். போனால் நெஞ்சுவலி. போகாவிட்டால் இன்னொரு எட்டு வருஷம். நான் என்னதான் செய்ய?

ஆபான் 20
இன்றும் போகவில்லை. தனியாகத் தேநீர்.

ஆபான் 27
அண்ணி வந்தாள், வெறுங்கையோடு. நாலு படி ஏறியதற்கே மூச்சு வாங்கியது.

"அந்த டாக்டர் நம்பரைக் குடு."

"யாருக்கு அண்ணி?"

நெஞ்சில் கை வைத்தாள்.

"எப்போருந்து?"

"உனக்கு முன்னாடியே. உன்னுது நடிப்புன்னு சொல்லிட்டா, என்னுதும் ஒண்ணுமில்லன்னு ஆயிடும்னு நெனச்சேன்."

எனக்குக் கோபம்கூட வரவில்லை. வியாழக்கிழமை ஷிராஸ் பஸ்ஸுக்கு இரண்டு சீட்டு சொல்லிவைத்திருக்கிறேன். கெராமத்தைக் கூப்பிடவில்லை.