மழை வந்து நிறுத்திய கிணறு

மாமா,

இன்று காலை மருமகள் கோதுமை ரவை உப்புமா கிண்டினாள். எனக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொன்னதிலிருந்து பாக்கெட் ரவைதான். அது வேகும் வாசனை வந்ததும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "சாப்பாட்டு மேல என்னாங்க கோவம்?" என்று கேட்டாள். அவளுக்கு என்ன சொல்ல? உங்களிடம் சொன்னால் புரியும். நீங்களோ போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்.

அந்த ரவையை நாம் முதலில் தின்றது அறுபதுகளின் நடுவில் வந்த பஞ்சத்தில். கடத்தூர்ப் பக்கம் நம் ஊரில் ராகி கருகி, ஆடு மாடெல்லாம் விற்றாகிவிட்டது. பஞ்ச நிவாரண வேலையாக ஊருக்குப் பொதுக்கிணறு வெட்ட உத்தரவு வந்தது. கூலியில் பாதி காசு, பாதி கப்பலில் வந்த கோதுமை ரவை. அக்கா அதில் வீட்டில் மிஞ்சியிருந்த கொஞ்சம் ராகி மாவைக் கலந்து களி கிண்டினாள். உருண்டையே பிடிக்க வரவில்லை. "இதென்னா புள்ள, களியா காரையா?" என்றீர்கள். "தின்னுட்டுப் பேசுங்க" என்றாள் அவள்.

பாறையில் வெடிக்குக் குழி போடுவது உங்கள் வேலை. நான் கல் சுமந்தேன். ஒருநாள் பாறை இடுக்கில் ஈரம் கசிந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தீர்கள். "மாப்ள, இன்னும் ஒரு ஆள் ஆழந்தான். ஊத்து வந்துடும், உங்க அக்கா தண்ணிக்குன்னு ஓடைக்கு நடக்க வேணாம்" என்றீர்கள். உங்கள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

அந்த ஞாயிறு மாதா கோவில் பூசையில் சாமியார் மழைக்காக ஜெபம் சொன்னார். கோவிலே சத்தமாகச் சேர்ந்து சொன்னது. நீங்கள் மட்டும் வாயைத் திறக்கவில்லை. வெளியே வந்ததும் அக்கா பிடித்துக்கொண்டாள்.

"வாயில என்னா கொழுக்கட்டையா? காடு காஞ்சி கெடக்குது, மழ வேணாமா?"

"வேணும் புள்ள. கெணறு முடியட்டும். மழ வந்தா வேலைய நிறுத்திருவாங்க."

"அப்பிடியும் யாராச்சும் நிறுத்துவாங்களா?"

நிறுத்தினார்கள் மாமா. இரண்டு நாள் மழை கொட்டியது. அடுத்த நாளே அதிகாரி ஜீப்பில் வந்து, பஞ்சம் தீர்ந்தது, வேலை முடிந்தது என்றார். மிச்ச ரவை மூட்டைகளை லாரியில் ஏற்றினார்கள். நீங்கள் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு கேட்டீர்கள்: "ஐயா, மழதானுங்க பேஞ்சிருக்குது. இனிமேதான் வெதைக்கணும். அறுக்க மூணு நாலு மாசம் ஆவும். அதுவரைக்கும் என்னாத்தத் திங்கறதுங்க?"

"மேலேருந்து ஆர்டர்யா. நான் என்ன பண்ணட்டும்?" என்றார். கெட்ட மனிதர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டு அப்போதே மறந்திருப்பேன்.

விதை ராகியில் அக்கா யாரையும் கை வைக்க விடவில்லை. விதைத்த கையோடு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இருவரும் மைசூர்ப் பக்கம் காப்பித் தோட்டத்துக்குக் கிளம்பினீர்கள். பயிரைப் பார்க்க ஊரில் நின்ற நான் உங்களை ரயிலேற்றிவிட வந்தேன். பொம்மிடி ஸ்டேஷன் வரை வழியெல்லாம் பச்சை. வண்டியில் ஜன்னலோரம் இருந்த பெரியவர், "உங்க பக்கம் நல்ல மழையாமே?" என்று கேட்டார். மடியில் பிள்ளை பசியில் சிணுங்கிக்கொண்டிருந்தது. "ஆமாங்க, நல்ல மழைங்க" என்றீர்கள். பிளாட்பாரத்தில் நின்ற எனக்கு அந்த ரயிலையே புரட்டிப் போடலாம்போல் இருந்தது.

அறுப்புக்கு இளைத்துத் திரும்பினீர்கள். ராகியும் விளைந்தது. எழுபதுகளில் அடுத்த பஞ்சம் வந்தபோது பழைய கிணற்றையே தோண்டுகிறோம் என்று கெஞ்சினோம். கணக்கில் முடிந்த வேலைக்கு மறுபடி அனுமதி இல்லையாம். வேறு இடத்தில் புதிதாக ஆரம்பிக்கச் சொன்னார்கள். அதையும் மழை வந்து நிறுத்தியது. அக்கா கடைசிவரை ஓடைக்குத்தான் நடந்தாள். நாடு முன்னேறுகிறது என்று ரேடியோ சொல்லும்போதெல்லாம் நீங்கள் எழுந்து போய் அதை அணைப்பீர்கள்.

இன்றும் முதல் மழைக்கு ஊரே வாசலுக்கு வந்து கையை நீட்டுகிறது. நான் மட்டும் உள்ளே போய் அரிசிப் பானையைத் திறந்து பார்க்கிறேன். அறுப்பு வரைக்கும் எதைத் தின்பது என்றுதான் முதலில் தோன்றுகிறது. "ரேஷன்ல அரிசி போடறாங்களேப்பா, இன்னும் என்னா பயம்?" என்கிறான் மகன். அது எனக்குத் தெரியாதா மாமா? வயிற்றுக்குத்தான் இன்னும் தெரியவில்லை.