வேறு பெயர்கள்: இல்லை

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நான் அங்கே வந்து உங்களோடு சேர்வதற்கு நாம் போட்ட விசா மனுவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நிராகரிக்கவில்லை, பயப்பட வேண்டாம். முப்பது நாளில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள், அதில் நாலு நாள் போய்விட்டது. நானும் கடையும் நலம். உங்கள் இருமலை ஃபோனில் மறைப்பீர்கள். பதிலிலாவது உண்மையை எழுதவும்.

விஷயம் இதுதான். நாம் நிஜமான கணவன் மனைவிதானா என்பதற்கு ஆதாரமாக, அங்கே போன முதல் வருஷம் நீங்கள் எழுதிய பதினொரு கடிதங்களை மொழிபெயர்த்து வைத்தோமே, வினை அதில்தான். பதினொன்றிலும் ‘அன்புள்ள அவசரம்’ என்று தொடங்கியிருக்கிறீர்கள். மொழிபெயர்ப்பாளர் முதல் மூன்றை ஏதோ தந்தி என்று நினைத்து அந்தச் சொல்லை அர்த்தமாகவே பெயர்த்துவிட்டார். நாலாவதில்தான் அது ஒரு ஆள் என்று உறைத்திருக்கிறது. அதிலிருந்து பெயராக எழுதியிருக்கிறார். அதிகாரி இப்போது கேட்கிறார்: பாஸ்போர்ட்டிலும் கல்யாணப் பதிவிலும் இருப்பவள் ஒருத்தி, இந்த அவசரம் என்பவர் யார்? மனுவில் ‘மனைவிக்கு வேறு பெயர்கள் உண்டா’ என்ற கட்டத்தில் நீங்களே உங்கள் கைப்பட ‘இல்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள்.

நான் இனிஷியல் தகராறு வரும் என்றுதான் காத்திருந்தேன். பாஸ்போர்ட்டில் அப்பா இனிஷியல், கடை உரிமத்தில் உங்கள் இனிஷியல். அதற்கு முன்கூட்டியே உறுதிமொழிப் பத்திரம் போட்டு வைத்தேன். அது சத்தமில்லாமல் தேறிவிட்டது. கனவிலும் நினைக்காத இடத்தில் மாட்டிக்கொண்டோம்.

மனு எழுதிக் கொடுப்பவர் ஒரு நிமிஷத்தில் வழி சொன்னார். “ஒண்ணும் இல்லம்மா, அந்தக் கடிதங்க தவறுதலா சேர்ந்துடுச்சு, அப்படி ஒரு பேர் எனக்குக் கிடையாதுன்னு ரெண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க, முடிஞ்சுது” என்றார். டைப் அடித்தும் நீட்டிவிட்டார். சுலபமான வழிதான். பேனாவைத் திறந்தேன். அந்த வரிக்குக் கீழே கை போகவில்லை. இப்படி எழுதினால் என் புருஷன் பதினொரு கடிதத்தை வேறு எவளுக்கோ எழுதினார் என்றல்லவா ஆகும், அப்புறம் எந்த அதிகாரி நம்புவார் என்று கேட்டேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். கை போகாததற்கு அது இரண்டாவது காரணம். முதல் காரணத்தை அவரிடம் சொல்லவில்லை.

சாட்சி தேடி, நீங்கள் முன்பு வேலை பார்த்த பார்சல் ஆபீசுக்குப் போனேன். உங்களைத் தவிர அந்தப் பெயர் யாருக்கும் தெரியாது என்ற நினைப்பில், பெட்டி ஏற்றி இறக்கும் லோடு அண்ணனிடம் தயங்கித் தயங்கி ஆரம்பித்தேன். “அவசரம்னா நீதானேம்மா, இதுல என்ன சந்தேகம்? நீ தெருமுனையில வரும்போதே அவன் சட்டையை இழுத்து விட்டுக்குவானே” என்றார். ஆபீசே சிரித்தது. டப்பாவும் மூடியும் அடைத்த ஒவ்வொரு அட்டைப்பெட்டியிலும் கொட்டை எழுத்தில் நான் ‘அவசரம்’ என்று எழுதி அனுப்பியதும், ரசீது போடும் நீங்கள் மூன்று மாதம் என் பெயரைக் கேட்கத் துணியாமல் அதையே பெயராக்கிக்கொண்டதும் நமக்குள் இருக்கும் கதை என்று நினைத்திருந்தேன். சாட்சிக் கையெழுத்துப் போட மூன்று பேர் வரிசையில் நின்றார்கள்.

கடைக்கு வந்து பழைய ரசீதுப் பெட்டியைக் கவிழ்த்தேன். கிடைத்துவிட்டது. ‘அனுப்புநர்: அவசரம்.’ கீழே என் கடை விலாசம், உங்கள் கையெழுத்து, ஆபீஸ் முத்திரை, தேதி. கல்யாணத்துக்கு ஏழு மாதம் முன்னால். அன்றைக்கு அதற்காகக் கத்தினேனே, நினைவிருக்கிறதா? பேரை ஒழுங்காக எழுதாமல் பெட்டி தொலைந்தால் யார் போய்க் கேட்பது என்றேன். “தொலைஞ்சா நான் பொறுப்பு” என்றீர்கள். மனு எழுதுபவர் அந்த ரசீதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதைவிடக் கெட்டியான ஆதாரம் வேண்டாம் என்றார்.

உங்கள் தங்கை கடைக்கு வர ஆரம்பித்துவிட்டாள். எந்த டப்பாவுக்கு எந்த மூடி என்று பார்க்காமலே சொல்கிறாள். பேரம் பேசுகிறவர்களிடம் மட்டும் சிரித்துவிடுகிறாள், அதைத் திருத்த வேண்டும். தள்ளுவண்டியில் தொடங்கிப் பதினாறு வருஷத்தில் நிமிர்த்திய கடை. அதை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு வரத் தயாராகிறேன் என்றால் அது உங்களுக்காகத்தான். இதை நான் வாயால் சொன்னதில்லை, எழுதிவிட்டேன்.

அந்தக் கட்டத்தில் ஏன் ‘இல்லை’ என்று எழுதினீர்கள் என்று கேட்க மாட்டேன். நாலு பேர் படுக்கும் அறையில் கட்டில்மேல் உட்கார்ந்து நிரப்பியிருப்பீர்கள், யாராவது எட்டிப் பார்த்திருப்பார்கள், வெட்கம். போகட்டும். ஆனால் இரண்டு வருஷமாகக் கடிதம் நின்று, ஃபோனில் “ஹலோ, நான்தான்” என்று ஆரம்பித்து “சரி, வைக்கிறேன்” என்று முடிக்கிறீர்கள். நடுவில் எனக்குப் பெயரே இல்லை. அவசரம் என்பவர் யார் என்று அதிகாரி கேட்டதில் தப்பில்லை. எனக்கும் அந்தச் சந்தேகம் வந்து நாளாகிறது.

ஆகவே நம் ஒப்பந்தம் இது. அந்தக் கட்டத்தைத் திருத்தி, ‘வேறு பெயர்: அவசரம்’ என்று எழுதிக் கையெழுத்திட்டு, இந்தக் கடிதம் கிடைத்த மூன்றாம் நாள் தபாலில் சேர்க்கிறீர்கள். நாலாவது கடிதத்தின் மொழிபெயர்ப்பில் உள்ள அதே எழுத்துக்கூட்டல். ஓர் எழுத்து மாறினாலும் இன்னொரு முப்பது நாள். இந்தக் கடிதத்தை மனுவோடு இணைக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை ஃபோனில், அறையில் யார் இருந்தாலும், முதல் வார்த்தை அந்தப் பெயர். சத்தமாக வேண்டாம், எனக்குக் கேட்டால் போதும். இவ்வளவும் நடந்தால் கடைச் சாவியை உங்கள் தங்கையிடம் கொடுத்துவிட்டு நான் வருகிறேன்.

இப்படிக்கு,
எல்லாத் தாளிலும் ஒரே ஆளான
அவசரம்