வீட்டுக்கு வந்த கல்

கிண்ணியா
2024 ஜூன் 9

அன்புள்ள வாப்பாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நானும் உம்மாவும் சுகம். போனில் எல்லோரும் சுற்றி நிற்கும்போது எனக்கு வாய் வராது. அதனால் லீவு முடிந்து தோஹாவுக்குத் திரும்பும் முனாஸ் காக்காவிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

வயலை நிரப்பி எனக்கு வீடு கட்ட வேண்டாம். தண்ணீர் வடியாமல் உவர் ஏறியதால்தானே அதைக் கைவிட்டீர்கள். புல் வெட்டப் போனபோது மண்ணுக்குள் உக்கிய தேங்காய்ப் பொச்சுமட்டை வரிசையாகக் கிடந்தது. முன்பு தண்ணீர் வடிய ஆழமாகக் கான் வெட்டி, தேங்காய்ப் பொச்சை அடுக்கி, மேலே மண் மூடுவார்கள் என்று உம்மா சொன்னா. தண்ணீர் பொச்சுக்குள்ளால் வாய்க்காலுக்குப் போய்விடுமாம். அதைத் திரும்பச் செய்வோம். நெல் விளைந்தால் நீங்கள் ஊரோடு வந்துவிடலாம்.

உங்கள் மகள்
சனூஸா

தோஹா
ஜூலை 2

அன்பு மகளுக்கு, வஅலைக்கும் ஸலாம்.

உன் எழுத்தைக் கண்டதில் சந்தோஷம். ஆனால் வீடு இல்லாமல் நம் ஊரில் ஒரு பிள்ளையைக் கட்டிக்கொடுக்க ஏலாது. உனக்குப் பேசியிருக்கும் றிஸ்வியின் வீட்டார் எப்போது தொடங்குகிறீர்கள் என்று கேட்டும் விட்டார்கள். பொச்சு உக்கிப்போகும். என் வாப்பா அதை மாற்றி மாற்றியே சலித்துப்போனார். அத்திவாரத்துக்குக் கருங்கல் கொண்டுவந்து பறிக்கச் சொல்லியிருக்கிறேன். இன்னும் இரண்டு வருடம் இங்கே நின்றால் வீட்டை முடித்துவிடலாம். வெயிலில் திரியாதே.

வாப்பா
முத்தலிப்

கிண்ணியா
நவம்பர் 24

அன்புள்ள வாப்பாவுக்கு, ஸலாம்.

இதைப் போனில் சொல்ல வேண்டாம் என்று உம்மாவிடம் கேட்டுக்கொண்டேன். நானே எழுத வேண்டும்.

நீங்கள் சொன்ன கல் வயலோரம் வந்து குவிந்தது. கல் உக்காதே என்று நினைத்தேன். நானும் உம்மாவும் கான் வெட்டினோம். ஹிஸ்புல்லா மாமா வரம்பில் வந்து நின்று, "என்ன புள்ள, மையித்து அடக்கவா குழி வெட்டுறாய்?" என்று கேட்டார்.

"ஓம் காக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. அளவு பிழைச்சிடும்" என்றா உம்மா.

என் வீட்டுக் கல் முழுவதையும் கானுக்குள் அடுக்கி மண் மூடிவிட்டோம். விதைத்தும் விட்டோம். சென்ற கிழமை பெரிய மழை. பக்கத்து வயல்களில் இன்னும் தண்ணீர் நிற்கிறது. எங்கள் கானின் வாயில் முதலில் கலங்கலாக வந்தது, பிறகு தெளிந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. உவர் வெளியே போகிறது வாப்பா.

றிஸ்வியின் உம்மா வந்து, கல் குவிந்திருந்த இடத்தைப் பார்த்துவிட்டு, தேத்தண்ணி குடிக்காமல் போய்விட்டா. எனக்குக் கவலை இல்லை என்று எழுதினால் பொய்.

ஏசுவதென்றால் எழுதி ஏசுங்கள்.

சனூஸா

தோஹா
டிசம்பர் 15

மகளுக்கு,

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே வேலைக்குப் போய் வந்தேன். எழுத இன்றுதான் முடிந்தது.

றிஸ்வியின் வாப்பாவுடன் கதைத்துவிட்டேன். சம்பந்தம் வேண்டாம் என்று நாங்கள் சொன்னதாகவே இருக்கட்டும்.

கல்லுக்கு மேலே பொச்சைக் கவிழ்த்துப் பரப்பினீர்களா? நேரே மண் போட்டிருந்தால் சேறு இறங்கிக் கல்லிடுக்கை அடைத்துவிடும். இப்போது கிளறாதே, பயிர் நிற்கிறது.

அறுவடை முடியட்டும். நான் வந்து கானைத் திறந்து பார்க்கிறேன்.

வாப்பா