மீனுக்கு ஒரு கண்

ஏனுங்க,

நீங்கள் உயிரோடு இருந்தபோதே உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இனிமேலா கூப்பிடப் போகிறேன்?

அரவேணு பார்க்கில் நீங்கள் கடைசியாகச் செய்த ஸ்பைனோசரஸ் டைனோசர் நன்றாக இருக்கிறது. முதுகுத் துடுப்பில் மட்டும் பாசி பிடித்திருக்கிறது. இந்த மலை ஈரத்தில் சிமெண்டுக்கு வேறு என்ன ஆகும்? அது வாயில் கவ்வியிருக்கும் மீனும் உடையாமல் இருக்கிறது. அந்த மீனால்தான் இப்போது வம்பு.

போன மாதம் பார்க் ஓனர் பக்கத்திலேயே ஒரு டி-ரெக்ஸைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். கோயம்புத்தூரில் வாங்கிய ஃபைபர் பொம்மை. வாயைத் திறந்து மூடும், உறுமும். கூட்டமெல்லாம் அங்கேதான். "இது மீன் திங்கறதப் பாத்துச் சிரிக்கறாங்க அக்கா. மீனை ஒடச்சுப்போட்டு ஒரு மானை வெச்சுரலாங்க. பாக்கறவன் பயப்படோணுமல்ல?" என்றார்.

எனக்குச் சுள்ளென்று வந்தது. நீங்கள் வேலை செய்துகொண்டே எனக்குச் சொன்னதையெல்லாம் அவரிடம் கொட்டினேன். இந்த இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. கண்டமும் வேறு, காலமும் கோடிக்கணக்கான வருஷம் வேறு. இது வாழ்ந்த ஆப்பிரிக்காவிலும் பெரிய வேட்டை மிருகங்கள் இருந்தன. அவை கரையில் இரை தேடின. இது பெரும்பாலும் ஆற்றில் மீன் பிடித்தது. "டி-ரெக்ஸ விட இது நீளமுங்க. மீன் தின்னா எளப்பமுங்களா? மீனைப் புடுங்கிட்டா அந்த நீள மூஞ்சி எதுக்குங்க?" என்றேன்.

ஓனர் தலையைச் சொறிந்தார். "சரிங்க, மீன் இருக்கட்டும். புதுசா பெயிண்ட் அடிச்சுக் குடுங்க. அந்த மீனுக்குக் கண்ணே இல்ல, அதையும் வெச்சுருங்க. இல்லீன்னா மான்தான்."

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். கோயில் கோபுரப் பொம்மைகளுக்குச் செய்வது போல இந்த டைனோசருக்கும் நீங்கள் குளித்துவிட்டு வந்து, கடைசியாக வெள்ளை விழிக்குள் கருமணி வைத்துக் கண் திறந்தீர்கள். மீனுக்கு மட்டும் திறக்கவில்லை. ஏனென்று கேட்டேன். "கண்ணத் தொறந்தா அதுக்கு உசுரு வந்துரும். அப்பறம் காலத்துக்கும் பல்லுக்குள்ள கெடந்து வலிக்கோணுமா, பாவம்" என்றீர்கள்.

அன்று சிரித்தேன். ஆஸ்பத்திரியில் நீங்கள் பட்ட பாட்டைப் பார்த்த பிறகு அதை நினைத்தால் அழுகைதான் வருகிறது. நீங்கள் இருந்தால் ஓனரிடம் என்ன சொல்லியிருப்பீர்கள்?

திங்கட்கிழமை சாரம் கட்டுகிறார்கள். நீங்கள் செய்தபோது மீனின் செதிலுக்கு வண்ணம் அடித்தது நான்தானே, இப்போதும் நானே ஏறுகிறேன். வெள்ளையில் வட்டமாக ஒரு கண் வரைந்துவிடுவேன். கீழே நின்று பார்க்கிற ஓனருக்கு அது போதும்.

கருமணி வைக்க மாட்டேனுங்க.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி