கிளாஸுக்கு முப்பது மில்லி

ஜூன் 7, 2025, சனி

காலையிலிருந்து கடையில் கூட்டம். மரவள்ளிக்கு மாவுப்பூச்சி, வெண்டைக்குக் காய்ப்புழு. நடுவில் தெரியாத முகம் ஒன்று வந்து, “ஸ்ட்ராங்கா ஒரு மருந்து குடுங்க” என்றது. என்ன பூச்சி என்று கேட்டேன். முழித்தான். இல்லை என்று அனுப்பிவிட்டேன். பூச்சியின் பேர் சொல்லத் தெரியாதவனுக்கு மருந்து தருவதில்லை. உரக்கடை வைத்த பத்தொன்பது வருஷத்தில் இதை ஒருநாளும் மீறியதில்லை. முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்தால் என் வீட்டுக்காரர், பெரிய துரை, சாப்பாட்டு மேஜையில் கடை விரித்திருக்கிறார். ஜெர்மனியிலிருந்து வந்த சிநேகிதர் கோகுல்ராஜ் கொடுத்த பச்சை பாட்டில். நாற்பது மூலிகை ஊறிய மதுவாம். அப்படியே குடிக்கக் கூடாதாம், எலுமிச்சை, புதினா, சோடாவோடு கலக்க வேண்டுமாம். காக்டெயில். இருபத்தைந்து வருஷம் ரிக் வண்டியோடு ஊர் ஊராகப் போய் ஆயிரம் அடி போர் போட்ட மனுஷன், மாசியில் வண்டியை விற்றபின் செல்போனில் வீடியோ பார்த்துப் புதினா கிள்ளுகிறார். மூலிகையாம். கொல்லிமலையில் இல்லாத மூலிகை.

மோந்து பார்த்தேன். ஓமத்தண்ணீரில் இருமல் டானிக்கை ஊற்றிய மாதிரி இருக்கிறது. அதற்கு மருந்து என்று பேர் வைத்துவிட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

மத்தியானம் கடைக்கு வந்து நின்றார். பூச்சிமருந்து பாட்டிலோடு வருமே, மில்லிக் கோடு போட்ட அளவு மூடி, அதில் புதிதாக ஒன்று கேட்டார். எதற்கு என்றுகூடக் கேட்காமல் எடுத்துக் கொடுத்தேன். சாயங்காலம் பார்த்தால், கிளாஸுக்கு முப்பது மில்லி என்று அளந்துகொண்டிருக்கிறார்.

“மருந்தடிக்கற டேங்குக்கு முப்பது மில்லிதான் எனக்குத் தெரியும்” என்றேன். அவர் சிரித்த மாதிரி இருந்தது.

ஜூன் 15, ஞாயிறு

இன்று பெரிய வெள்ளோட்டம். மகள் நித்யஸ்ரீ கோயமுத்தூர் காலேஜுக்குப் போகும்போது விட்டுப்போன புரோட்டீன் டப்பாவில் ஐஸ் போட்டு, மருந்து ஊற்றி, சுக்கு தட்டிப்போட்ட நாட்டுச்சர்க்கரைப் பாகு விட்டு, சாமி வந்தவர் மாதிரி குலுக்கினார். மேலே பன்னீர் சோடா. ‘அணைக்கட்டு’ என்று அதற்குப் பேர், எங்கள் ஊர் அணையை நினைத்து. பேர் வைக்கத் தெரிகிறது. மேஜையில் ஒட்டிய பாகைத் துடைக்கத் தெரியவில்லை.

“ஒரு வாய் பாரு பிரியா.”

“வயித்து வலி வந்தாச் சொல்றனுங்க.”

கிளாஸைத் தொட்டியில் கொட்டினார். கொட்டிவிட்டுக் குழாயைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றார். வேலை இல்லாதவருக்கு இதுவும் ஒரு நாடகம்.

ஜூன் 16, திங்கள்

இரண்டு டஜன் எலுமிச்சம்பழம். ஊறுகாய் போட்டிருந்தால் வருஷத்துக்கு ஆகும்.

ஜூன் 22, ஞாயிறு

இன்று நடந்ததை எழுதினால் சிரிப்பாகத்தான் இருக்கும். எழுதுகிறேன்.

சாயங்காலம் காளியாத்தாள் நங்கையா, அவருடைய அக்கா, போன் பண்ணினார். காதுகுத்துக்குத் தம்பி ஏன் வரவில்லை என்று கேட்டார். இவர் மேஜையில் டப்பாவும் கையுமாக இருந்தார். எனக்கு எரிச்சல். “உங்க தம்பி மருந்தக் குடிச்சுப்போட்டு ஒக்காந்திருக்காருங்க நங்கையா. நான் கடையப் பாப்பனா, இவரப் பாப்பனா?” என்றேன். போன் கட்டாகிவிட்டது. சிக்னல் இல்லை என்று நினைத்தேன்.

இந்தச் சீமையில் மருந்து குடித்தான் என்றால் ஒரே அர்த்தம்தான். அதையே விற்றுப் பிழைக்கிற எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

இருபது நிமிஷத்தில் வாசலில் இரண்டு கார். நங்கையா செருப்பில்லாமல் ஓடி வந்தார். மேஜையில் பச்சை பாட்டில், பக்கத்தில் என் கடை அளவு மூடி. வேறென்ன வேண்டும்? “ஏஞ்சாமி இப்படிப் பண்ணுன, என்ற சாமி” என்று தம்பி வாயைப் பிடித்து, சொம்பு உப்புத்தண்ணியை ஊற்றிவிட்டார். நான் கத்துவது யார் காதிலும் விழவில்லை. பின்னாலேயே ஆம்புலன்ஸ். அதில் வந்தவர் பாட்டிலை மோந்துவிட்டு, “இது சரக்குங்க” என்றார். “நெசமாவே மருந்து குடிச்சிருந்தாலும் உப்புத்தண்ணி ஊத்தக் கூடாதுங்க, அதுலயே உசுரு போயிரும்” என்று எல்லோரையும் ஒரு பிடி பிடித்துவிட்டுப் போனார்.

அப்புறம் கூட்டம் சிரித்தது. எல்லோரையும்விட நான்தான் அதிகம் சிரித்தேன். நங்கையா சிரிக்கவில்லை. தம்பி கையை விடவும் இல்லை. கிளம்பும்போது என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார்.

“அம்மிணி, நீ சொன்னதும் ‘அவனா? எதுக்கு?’ன்னு எனக்குக் கேக்கத் தோணல. செருப்புக்கூடப் போடாம வண்டியேறிட்டேன். அது ஏன்னு நீயே ரோசனை பண்ணிக்க.”

ஜூன் 23, திங்கள்

யோசித்தேன். வந்தவர்களில் ஒருத்தர்கூட ‘பிரபாகரா? அப்படிப்பட்ட ஆளில்லையே’ என்று சொல்லவில்லை. பங்காளி சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சொல்லவில்லை. இவரும்தான் — சொம்பு வாய்க்கு வருமுன் ‘இது மருந்தில்லை’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? ஏன் சொல்லல?

சிரிப்புச் செய்தியாக நித்யஸ்ரீயிடம் போனில் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

“நான் தெனம் காலையில அப்பாவுக்கு குட்மார்னிங் போடறது எதுக்குன்னு நெனச்சீங்கம்மா? ரெண்டு டிக்கும் நீலமானாத்தான் காலேஜ் கிளாஸுக்குள்ள போவேன்.”

நான் அதையும் கேலி பண்ணியிருக்கேன். அப்பனும் மகளும் ரோஜாப்பூ படம் அனுப்பி விளையாடறாங்கன்னு.

எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. ஒரே ஊட்டுல இருக்கற எனக்குத் தெரியல. எனக்குத் தெரியலையா, நான் பாக்கலையா?

ஜூன் 24, செவ்வாய்

கேட்கவில்லை. எப்படிக் கேட்பது?

ஜூன் 29, ஞாயிறு

கேட்டுவிட்டேன். அவர் எலுமிச்சம்பழம் அறுத்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த கேள்வி ஒன்றுதான், அதையே கேட்டேன்.

“ஏனுங்க, என்ன பூச்சிங்க?”

கத்தி நின்றது. கடைக் கேள்வி என்று அவருக்குப் புரிந்துவிட்டது. தலை நிமிராமலே சொன்னார்.

“வண்டிய வித்த மறுவாரம் மருந்து வாங்கக் கடைக்கு வந்தேன்ல. நீ கேப்பேன்னு, நம்ம காட்டு மரவள்ளிக்கு மாவுப்பூச்சின்னு சொல்ல வெச்சிருந்தேன். நீ கேக்கல. ‘சும்மா நிக்காம போயி எலுமிச்சம்பழம் வாங்கிட்டு வாங்க’ன்ன. வாங்கப் போனேன். அப்படியே ஊட்டுக்குப் போயிட்டேன். அப்பறம் அந்தப் பாட்டில் வந்துச்சு. அதைக் கலக்கறப்ப மட்டும் கைக்கு ஒரு வேலை இருந்துச்சு பிரியா.”

அந்த நாள் எனக்கு நினைவில் இல்லை. எவ்வளவு தேடியும் இல்லை. கல்லாவுக்கு முன்னால் நின்றிருக்கிறார், பேர் தெரிந்த பூச்சியோடு. நான் நிமிர்ந்துகூடப் பார்த்திருக்க மாட்டேன். முகத்தைப் பார்த்தாலே தெரியும் என்று மூன்று வாரத்துக்கு முன் இதே நோட்டில் எழுதியிருக்கிறேன். பெரிய மனுஷி.

பக்கத்தில் உட்கார்ந்தேன். அழுதேன். அவர் அழவில்லை. மிச்சப் பழங்களை அறுத்து முடித்தார்.

ஜூலை 2, புதன்

கடையைப் பூட்டிவிட்டு நாமக்கல் போய் மனநல டாக்டரைப் பார்த்தோம். மாத்திரை கொடுத்திருக்கிறார். அது தீரும்வரை சரக்கைத் தொடக்கூடாது. பாட்டிலை இவரே எடுத்து பீரோவில் வைத்தார். கடை மருந்து அலமாரிக்குப் பூட்டு போட்டு, சாவியை என்னிடமே வைத்திருக்கிறேன். அன்று அனுப்பிவிட்டேனே ஒருத்தன், பூச்சி பேர் தெரியாதவன். அவன் எங்கே போயிருப்பான்?

ஆகஸ்ட் 3, ஞாயிறு, ஆடிப் பதினெட்டு

ஆடிப்பெருக்குக் கூட்டம், அணைக்கட்டில் தலைதான் தெரிகிறது. பத்து மணிக்கு மேல் கடைக்கு யாரும் வரவில்லை, மூடிவிட்டேன்.

மத்தியானம் இவர் டப்பாவை எடுத்தார். மருந்து கிடையாது. சுக்குப்பாகு, எலுமிச்சை, புதினா, பன்னீர் சோடா, எல்லாம் அதே மூடியில் அளந்து. எனக்கும் ஒன்று கலக்கச் சொன்னேன். நம்பாமல் ஒருமுறை என்னைப் பார்த்துவிட்டுக் குலுக்கினார்.

கேவலமாக இருந்தது. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற கசாயம் தேவலை. பாதி குடித்துவிட்டு அதை அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன்.

உதட்டில் வைத்துப் பார்த்துவிட்டு, “சுக்கு தூக்கலா இருக்குது” என்றார். “அடுத்த ஞாயித்துக்கிழமை கொறச்சுக்கலாம்.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்று அவர் வாயால் சொன்னார். மிச்சத்தையும் குடித்துவிட்டு, எலுமிச்சம்பழம் நானே வாங்கி வருகிறேன் என்றேன்.